கதையில்லாத உலகம் வெறுங்காணி

(செவ்ரானில் எமது சங்கம் நடத்திய பெற்றோர் - இளையோர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. மலருக்காகச் சில இடங்களில் சுருக்கப்பட்டுள்ளது.)

 

எனக்குத் தந்த தலைப்பு ‘திறந்த உலக வீடியோ விளையாட்டுகளில் நல்ல எழுத்தின் பங்கு’. விளையாட்டுக்கு என்னத்துக்கு எழுத்து என்று சிலர் யோசிக்கக்கூடும். நியாயமான கேள்விதான். இந்த மண்டபத்தில் இருக்கிற தாய் தகப்பன்மாரில் பலபேர் வீட்டில் பிள்ளையோடு சண்டை பிடிக்கிறது இந்த விளையாட்டாலதான். “விடிய விடிய விளையாட்டு. படிப்பும் இல்லை, தமிழும் இல்லை” என்று நீங்கள் சொல்லுகிறீர்கள். “அம்மாவுக்கு உது ஒண்டும் விளங்காது” என்று பிள்ளையள் சொல்லுகினம். இரண்டு பகுதி சொல்லுறதிலும் உண்மை இருக்கு. நான் எழுத்தாளனும் இல்லை, கொம்பியூட்டர் படித்தவனும் இல்லை. ஏ.எல். வரை படித்துவிட்டு வந்து இங்கே தொழிற்சாலையில் வேலை செய்கிறவன். ஆனால் இரவு வேலை முடித்து வந்து நித்திரை வராத நேரங்களில் இந்த விளையாட்டுகளைப் பல வருடமாக விளையாடி வருகிறேன். அதனால் இரண்டு பகுதிக்கும் நடுவில் நின்று கொஞ்சம் கதைக்கலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் பெரியவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். முந்தின விளையாட்டுகளில் ஒரே பாதைதான் இருந்தது. குதி, ஓடு, சுடு, அடுத்த கட்டத்துக்குப் போ. திறந்த உலக விளையாட்டு என்றால் ஒரு முழு நாட்டையே செய்து வைத்திருப்பார்கள். காடு, கடல், சந்தை, கோட்டை, குடிசை எல்லாம் இருக்கும். எந்தப் பக்கமும் போகலாம், எவரோடும் கதைக்கலாம். அதிலே நீங்கள் ஒருவருடைய பாத்திரத்தை எடுத்து நடிக்கிறீர்கள். அவர் என்ன சொல்லவேணும், யாரை நம்பவேணும், யாரைக் காப்பாற்றவேணும் என்பதை நீங்களே தீர்மானிக்கிறீர்கள்.

எங்கட ஊர்களில் காத்தவராயன் கூத்து விடிய விடிய நடக்கும். காத்தவராயன் கழுவேறப் போகிறான் என்பது பாய் விரித்துப் படுத்திருக்கிற குழந்தைக்கும் தெரியும். என்றாலும் சனம் எழும்பிப் போகாது. அங்கே அண்ணாவியாருக்கு ஒரு வசதி இருக்கு. முதலாவது என்ன, இரண்டாவது என்ன என்பது அவருடைய கையில். இந்த விளையாட்டை எழுதுகிறவருக்கு அந்த வசதி இல்லை. பார்க்கிறவன் மேடைக்கு ஏறி, ஐந்தாவது காட்சிக்கு முதல் போகிறான். தூது சொல்ல வேண்டிய ஆளைத் தூது சொல்ல முதலே வெட்டிப் போட்டு வருகிறான். அப்படி வந்தாலும் கதை பிசகாமல் நிற்கவேணும். ஆகவே ஒரே உரையாடலை மூன்று நான்கு விதமாக எழுதி வைக்கவேணும். மகாபாரதத்தில் வனவாசத்தின்போது தருமருக்கு நளன் கதை சொல்லப்படுகிறதே, அதுபோல மூலக்கதைக்குப் பக்கத்தில் நூறு கிளைக்கதைகளும் வேணும். கேட்கிறவன் கேட்கலாம், கேளாமலும் போகலாம். கேட்டவனுக்கு மட்டும் மூலக்கதை இன்னும் ஆழமாக விளங்கும்.

எழுத்து சரியில்லை என்றால் என்ன நடக்கும்? எவ்வளவு பெரிய உலகமும் வெறுங்காணிதான். “பத்து ஓநாயைக் கொன்று தோலைக் கொண்டுவா” என்று ஒருவன் சொல்லுவான். கொண்டுபோய்க் கொடுத்தால் காசு தருவான். அவனுக்கு ஏன் அந்தத் தோல், அவன் யார், ஒன்றும் இல்லை. தொழிற்சாலையில் பெட்டி அடுக்குவதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? பெட்டி அடுக்கினால் சம்பளமாவது வரும்!

நல்ல எழுத்துக்கு நான் சொல்லக்கூடிய சிறந்த உதாரணம் ‘விட்சர் 3’. 2015 மே மாதம் வெளிவந்தது. போலந்து நாட்டின் சீடி புரொஜெக்ட் ரெட் என்ற நிறுவனம், தங்கட நாட்டு எழுத்தாளர் அந்திரே சப்கோவ்ஸ்கி எழுதிய நாவல்களின் உலகத்தை வைத்துச் செய்தது. கெரால்ட் என்பவன் காசுக்குப் பேய் பிசாசுகளை வேட்டையாடுகிறவன். தான் மகளாய் வளர்த்த பெண்ணைத் தேடிப் போகிறான். போகிற வழியெல்லாம் யுத்தம்.

தொடக்கத்திலேயே ஒரு சின்ன ஊர் வரும். அங்கே ஒரு கிழவி பூட்டின வீட்டுக்கு முன்னால் நிற்கிறாள். அவள் கேட்பது ஒரு பொரிக்கிற சட்டி. அவ்வளவுதான். இரவல் கொடுத்தாளாம், திரும்பி வரவில்லையாம். உள்ளே போனால் ஒரு பிரேதம் கிடக்கிறது. சண்டை, இரகசியம், கொலை எல்லாம் அந்த அறைக்குள் நடந்து முடிந்திருக்கு. வெளியில் நிற்கிற கிழவிக்குச் சட்டிதான் கவலை. யுத்தத்தைப் பற்றி இதைவிடச் சரியாக எப்படிச் சொல்லுறது? குண்டு விழுந்த அடுத்தநாள் காலையில் “என்ர கிடாரத்தை ஆர் எடுத்தது?” என்று கேட்ட ஆச்சிமாரை எங்களுக்குத் தெரியாதா?

அதே ஊரில் பாழடைந்துபோன ஒரு குடியிருப்பும் கிணறும் இருக்கு. உச்சிப்பொழுதில் அந்தக் கிணற்றடியில் ஒரு பெண்ணின் ஆவி வரும். நான் அதைப் பார்த்துத் திடுக்கிட்டுப் போனேன். “உச்சிப்பொழுதில கிணத்தடிக்குப் போகாதை” என்று எங்கட அம்மம்மாமார் வெருட்டினதும் இதுதானே! போலந்துக்காரருடைய பாட்டிமாரும் வயல்வெளியில் வருகிற மத்தியானப் பேயைச் சொல்லித்தான் பிள்ளைகளை வெருட்டியிருக்கினம். தங்கட பாட்டிமாரின் கதையை அவர்கள் வெட்கப்படாமல் எடுத்து எழுதினார்கள். 2023 ஆம் ஆண்டளவில் அது உலகம் முழுவதும் 5 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றுவிட்டது.

இன்னும் கொஞ்சத் தூரம் போனால் ஒரு பிரபு வருவான். குடிகாரன். பெண்சாதியை அடிக்கிறவன். பெண்சாதியும் மகளும் அவனை விட்டு ஓடிவிட்டார்கள். “அவர்களைத் தேடித் தா, உன்ர மகளைப் பற்றித் தெரிந்ததைச் சொல்லுறேன்” என்கிறான். முதலில் அவனைக் கண்டால் வெறுப்பு வரும். பிறகு கருவிலே இறந்துபோன அவனுடைய பிள்ளையின் கதை வரும். பெயரும் வைக்காமல், முறையாக அடக்கமும் செய்யாமல் புதைத்த சிசு பேயாகி அலைகிறது. அதைக் கொல்லலாம். அல்லது தகப்பனே அதைக் கையில் தூக்கிக்கொண்டு போய், பெயர் வைத்து, வீட்டுவாசற்படியின் கீழ் புதைத்துச் சாந்தி செய்யலாம். அந்தக் குடிகாரன் அந்தப் பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு மழைக்குள் நடந்துபோகிற இடத்தில், அவனை முழுக்க வெறுக்கவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை. நல்ல எழுத்து செய்கிற வேலை இதுதான். ஒருவனுக்கு இவன் கெட்டவன், இவன் நல்லவன் என்று அட்டை மாட்டிவிட்டுப் போகாது.

அதோடு ஒட்டின இன்னொரு கதையில் ஒரு மரத்துக்குள் ஓர் ஆவி அடைபட்டிருக்கும். அதை விடுவித்தால் அநாதைப் பிள்ளைகள் தப்புவார்கள், ஆனால் ஒரு கிராமம் அழியும். விடுவிக்காவிட்டால் கிராமம் தப்பும், பிள்ளைகள் தப்பமாட்டார்கள். நீங்கள் தீர்மானிக்கிற நேரம் இதெல்லாம் உங்களுக்குத் தெரியாது. கன நேரம் கழித்து அந்தப் பக்கம் போகும்போதுதான் தெரியும். யுத்தத்துக்குள் வாழ்ந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. எந்த ஒழுங்கையால் ஓடுறது என்று ஒரு நிமிடத்தில் எடுத்த முடிவு, பத்து வருடத்துக்குப் பிறகும் வந்து கேள்வி கேட்கும்.

இரண்டாவது உதாரணம் ‘ஸ்கைரிம்’. அமெரிக்காவின் பெதெஸ்டா நிறுவனம் 2011 நவம்பரில் வெளியிட்டது. எல்லா இடத்திலும் எழுத்து நல்லது என்று சொல்லமாட்டேன். ஊருக்கு ஊர் காவற்காரர்கள் முழங்காலில் அம்பு பட்ட கதையையே சொல்லிக்கொண்டிருப்பார்கள். அது உலகம் முழுக்கப் பகிடியாகப் போய்விட்டது. ஆனால் அதிலே விண்ட்ஹெல்ம் என்று ஒரு பனிநகரம் இருக்கு. எரிமலை வெடித்து நாடழிந்து ஓடிவந்த கருநிற மக்கள் அங்கே ஒரு மூலையில் வாழ்கிறார்கள். அந்தப் பகுதிக்கு முன்பிருந்த பெயரே மாறி ‘சாம்பல் குடியிருப்பு’ என்று ஆகிவிட்டது. நகரவாசலால் நீங்கள் உள்ளே போனதும், உள்ளூர்க்காரன் ஒருவன் அந்த இனத்துப் பெண்ணை மறித்து, நீங்கள் எங்கட சோற்றைத் தின்கிறீர்கள், எதிரிக்கு ஒற்றர் வேலை பார்க்கிறீர்கள் என்ற மாதிரி வெருட்டிக்கொண்டிருப்பான். அந்த இடத்தில் நான் விளையாட்டை நிற்பாட்டிவிட்டுக் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தேன். லாச்சப்பல் சந்தியில் நின்று அடையாள அட்டையைக் காட்டின எவருக்கும் அந்தக் காட்சி புதிதில்லை.

ஆனால் எழுதினவர்கள் அதோடு விடவில்லை. அந்தக் கருநிற மக்கள் தங்கட நாட்டில் நன்றாக வாழ்ந்த காலத்தில், பல்லிமனிதர் என்ற இன்னோர் இனத்தைப் பிடித்து அடிமைகளாக வைத்திருந்தவர்கள். இப்போது அதே நகரத்தில் அந்தப் பல்லிமனிதருக்கு உள்ளே வர அனுமதியே இல்லை. மதிலுக்கு வெளியே துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறார்கள். ஆகவே அகதி என்றால் எல்லாரும் புனிதர் என்று அந்தக் கதை சொல்லவில்லை. நாங்களும் எங்கட கதையை எழுதப் போனால் இதை ஞாபகம் வைத்திருக்கவேணும். 1983 யூலையில் எங்களுக்கு நடந்ததை எழுதுகிற கை, 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் சனத்தை வெளியேற்றினதையும் எழுதவேணும். அதை விட்டுவிட்டு எழுதினால் அது பிரசங்கம், கதை இல்லை.

“அண்ணை, கதை கன எழுதினால்தான் நல்ல எழுத்தோ?” என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டான். இல்லை. 2019 இல் வந்த ‘டிஸ்கோ எலீசியம்’ என்ற விளையாட்டில் சுமார் பத்து இலட்சம் சொற்கள் இருக்கு. எஸ்தோனியாக்காரர்கள் எழுதினது. வாள்வெட்டு, துப்பாக்கிச் சண்டை என்று தனியாக ஒன்றும் இல்லை, எல்லாம் பேச்சுத்தான். அதுவும் நல்ல எழுத்து. 2017 இல் நின்ரெண்டோ வெளியிட்ட ‘செல்டா: பிரெத் ஒவ் த வைல்ட்’ விளையாட்டில் பேச்சு மிகக் குறைவு. நூறு வருடத்துக்கு முதல் அழிந்த நாடு. புல் முளைத்த இடிந்த சுவரும் உடைந்த வண்டிலும்தான் கதை சொல்லும். அதுவும் நல்ல எழுத்து. எங்கே பேசாமல் இருக்கவேணும் என்று தெரிந்திருப்பதும் எழுத்துத்தான். என்னுடைய அனுபவத்தில் நல்ல எழுத்தை மூன்று கேள்வியால் சோதிக்கலாம். என்னிடம் உதவி கேட்கிறவனுக்குச் சொந்தமாக ஓர் ஆசையோ பயமோ இருக்கா? நான் எடுத்த முடிவுக்கு ஏதாவது விலை கொடுத்தேனா? நான் செய்ததை அந்த உலகம் ஞாபகம் வைத்திருக்கிறதா? மூன்றுக்கும் ‘ஓம்’ என்றால் அது நல்ல விளையாட்டு.

இனி, நாங்கள் வாழ்கிற இந்த நாட்டுக்கு வருவோம். பிரான்ஸ் இந்தத் துறையில் சின்ன நாடு இல்லை. 1986 இல் பிரெத்தாஞ் பகுதியைச் சேர்ந்த கியெமோ சகோதரர்கள் ஐவர் தொடங்கின யுபிசொவ்ற் பெரிய நிறுவனமாக வளர்ந்தது. எங்கட 93 ஆம் மாவட்டத்திலே மொந்த்ரேய் நகரில் பல வருடங்கள் இயங்கியது. அவர்களுடைய மொன்றியல் கலையகம் முன்னின்று செய்த ‘அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி’ 2014 இல் வந்தது. புரட்சிக்கால பாரிஸ் நகரத்தைக் கல்லுக்குக் கல் கட்டியிருந்தார்கள். நோத்ர்-தாம் கோபுரத்தில் ஏறி நிற்கலாம். 2019 இல் கோயில் எரிந்தபோது அந்த விளையாட்டைக் கொஞ்ச நாள் இலவசமாகவே கொடுத்தார்கள். ஆனால் அந்தக் கோபுரம் எனக்கு ஞாபகம் இருக்கிற அளவுக்கு அந்தக் கதாநாயகன் ஞாபகம் இல்லை. மாறாக மொன்பெலியே நகரின் சாண்ட்ஃபோல் என்ற புதிய நிறுவனம் 2025 ஏப்ரலில் ‘கிளேர் ஒப்ஸ்கியூர்: எக்ஸ்பெடிஷன் 33’ ஐ வெளியிட்டது. அதை முழுக்கத் திறந்த உலகம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஆண்டுக்கொருமுறை ஓர் எண் எழுதப்பட, அந்த வயதுக்காரர் எல்லாரும் காற்றோடு மறைந்துபோகிற ஒரு நகரத்தின் கதை. மறைய இருக்கிறவளின் கையைப் பிடித்துக்கொண்டு ஒருவன் துறைமுகத்துக்கு நடக்கிற முதற் காட்சியிலேயே பிடித்து இருத்திவிடும். அந்த வருடத்தின் சிறந்த விளையாட்டு என்ற பரிசும் அதற்குத்தான் கிடைத்தது. கல்லும் மரமும் யாரும் செய்யலாம். சனத்தைச் செய்ய எழுத்து வேணும்.

மொந்த்ரேய் என்று சொன்னேனே. எங்கட ஆட்களுக்கு அந்தப் பெயர் வேறு காரணத்தால்தான் தெரியும். ஒவ்ப்ரா நிராகரித்தால் மேன்முறையீட்டுக்குப் போகிற அகதித் தஞ்ச நீதிமன்றம் இருப்பது அங்கேதான். அங்கே நாங்கள் கொண்டுபோனது என்ன? ஒரு கதை. எங்கட சொந்தக் கதை. எந்தத் திகதி, எந்த றோட்டு, எந்த முகாம், ஆர் கூட வந்தது என்று ஒழுங்காகச் சொல்லவேணும். சொன்னது நம்பப்பட்டால் வாழ்க்கை, இல்லாவிட்டால் வெளியே போ என்ற கடிதம். ஆகவே கதையைச் சரியாகச் சொல்லுறது ஒரு பொழுதுபோக்கு என்று எங்களுக்கு ஒருவரும் சொல்ல வரத் தேவையில்லை. உண்மை நடந்தால் மட்டும் போதாது, அது சொல்லப்படவும் வேணும் என்பதை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்ட சனம்.

அப்படியான கதையையும் விளையாட்டாகச் செய்யலாமா? செய்திருக்கிறார்கள். 2017 இல் பிரான்சின் பிக்சல் ஹண்ட் நிறுவனம், ஆர்ட்டே தொலைக்காட்சியோடு சேர்ந்து ஒரு விளையாட்டு வெளியிட்டது. ‘என்னைப் புதைத்துவிட்டுப் போ, அன்பே’ என்ற கருத்துடைய சிரிய நாட்டு வழியனுப்பும் சொல்தான் அதன் பெயர். எனக்கு முதல் நீ சாகாதே என்று அர்த்தம். நூர் என்ற சிரியப் பெண் ஐரோப்பாவுக்குப் புறப்படுகிறாள். கணவன் ஊரில் நிற்கிறான். நீங்கள்தான் கணவன். அவள் கைத்தொலைபேசியில் செய்தி அனுப்புவாள். “படகிலே ஏறவா, இன்னும் காத்திருக்கவா?” என்று கேட்பாள். நீங்கள் பதில் சொல்லவேணும். சிலநேரம் மணிக்கணக்கில் பதில் வராது. 19 விதமான முடிவுகள் இருக்கு. 2015 இல் லு மோந்த் பத்திரிகை வெளியிட்ட உண்மையான ஒரு சிரியப் பெண்ணின் வாட்ஸ்அப் செய்திகளைப் பார்த்துத்தான் அந்த எண்ணம் பிறந்தது. மொஸ்கோவில் ஏஜென்சிக்காரனின் அறைக்குள் அடைபட்ட மகனின் ஒரு ரெலிபோன் அழைப்புக்காக மாதக்கணக்கில் காத்திருந்த தாய்மார் இந்த மண்டபத்திலும் இருக்கிறீர்கள். உங்களுக்கு அந்தக் காத்திருப்பு தெரியும். உங்கட பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது.

தமிழில் யாரும் செய்யவில்லையா? ரொறன்ரோவில் விசை கேம்ஸ் என்ற சிறு நிறுவனம் 2023 யூலை 31 அன்று ‘வெண்பா’ என்ற விளையாட்டை வெளியிட்டது. தமிழ்நாட்டிலிருந்து 1980களில் கனடா போன ஒரு குடும்பம். வெண்பா என்ற தாய், தன் தாய் தந்த கிழிந்துபோன சமையற் புத்தகத்தைப் பார்த்து இட்டலி, புட்டு, பிரியாணி செய்கிறாள். அழிந்துபோன வரிகளை நாங்கள் யோசித்து நிரப்பவேணும். மகன் கவின் தமிழை விட்டு விலகிப் போகிறான். வாள் இல்லை, பேய் இல்லை. ஒரு குசினிதான் உலகம். 2024 இல் பிரித்தானியாவின் பாஃப்டா அறிமுக விளையாட்டுப் பரிசு அதற்குக் கிடைத்தது. எங்கட சனத்தின் கதையைப் பொறுத்தவரை, 2015 இல் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை பெற்ற ‘தீபன்’ உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்களில் ஒருவரான எழுத்தாளர் ஷோபாசக்தி அதில் நடித்தார். ஆனால் திரைக்கதையை எழுதினவர்கள் பிரெஞ்சுக்காரர். அது சரியா பிழையா என்று லாச்சப்பல் கடைகளில் நின்று நாங்கள் எவ்வளவு வாதாடினோம்! வாதாடினது நல்லதுதான். ஆனால் நாங்கள் எழுதாத மட்டும் மற்றவர் எழுதினதைப் பற்றி வாதாடத்தான் எங்களால் முடியும். மற்றவருடைய விளையாட்டில் நாங்கள் தெருவோரத்தில் சோளம் விற்கிற, பெயரில்லாத ஆட்களாகத்தான் நிற்போம்.

நான் சும்மா கதைத்துவிட்டுப் போக வரவில்லை. ஒரு யோசனை வைக்கிறேன். ‘ட்வைன்’ என்று ஒரு இலவச மென்பொருள் 2009 தொடக்கம் இருக்கு. கிளை கிளையாகப் பிரிகிற கதைகளை அதில் எழுதலாம். தமிழ் எழுத்திலும் எழுதலாம். கணிதம் வேண்டாம், பெரிய கொம்பியூட்டர் வேண்டாம். 1995 ஒக்டோபர் 30 ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வலிகாமம் முழுக்க ஒரே இரவில் எழும்பி நடந்தது. மழை. நாவற்குழிப் பாலத்தில் சனம் நகர முடியாமல் நிற்குது. உங்களிடம் ஒரு சைக்கிள் இருக்கு. கரியரில் என்னத்தை வைக்கப் போகிறீர்கள்? நடக்க ஏலாத அம்மம்மாவையா, அரிசி மூட்டையையா, அம்மாவின் தையல் மெசினையா? தையல் மெசினை வைத்தவன் கிளிநொச்சியில் உழைப்பான், ஆனால் அம்மம்மா வழியில் எங்கேயோ ஒரு கோயில் மண்டபத்தில் தங்கிவிடுவா. அம்மம்மாவை வைத்தவன் வன்னியில் பட்டினி கிடப்பான், ஆனால் கதை சொல்ல ஆள் இருக்கும். எது சரி? ஒன்றும் முழுக்கச் சரியில்லை. போலந்துக்காரர் மரத்துக்குள் வைத்த அதே கேள்வியை எங்கட ஆச்சி சைக்கிளுக்கு மேல் வைத்துக்கொண்டு வந்திருக்கிறா.

நிர்வாகசபை சம்மதித்தால் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இந்த மண்டபத்தில் இருந்து எழுதுவோம். ஒரு பிள்ளை, ஒரு முதியவர். முதியவர் சொல்ல, பிள்ளை கேட்டு, “அந்த இடத்தில வேற என்ன செய்திருக்கலாம் அம்மம்மா?” என்று கேட்டு எழுதவேணும். அந்த ஒரு கேள்விக்காகவே பிள்ளை தமிழைத் தேடிப் படிக்கும். பிரெஞ்சிலும் எழுதட்டும், தடையில்லை. பெயர் மாற்றி எழுதுவோம். சொல்ல விரும்பாததைச் சொல்லும்படி எவரையும் வற்புறுத்தக்கூடாது.

தாய் தகப்பன்மாருக்கு இரண்டு வார்த்தை. பெட்டியில் 3, 7, 12, 16, 18 என்று ஓர் எண் போட்டிருக்கும். அது வயதெல்லை. நான் சொன்ன விட்சரும் ஸ்கைரிமும் 18. பத்து வயதுப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்காதேங்கோ. நேரத்துக்கும் கட்டுப்பாடு வேணும், அதில் மாற்றுக்கருத்தில்லை. ஆனால் நிற்பாட்டச் சொல்லுறதுக்கு முதல் ஒருக்கால் பக்கத்தில் இருந்து, “உவன் ஆர்? ஏன் அழுகிறான்? நீ என்ன செய்தனீ?” என்று கேளுங்கோ. பிள்ளை ஒரு முழுக் கதையும் சொல்லும். அது முடிய உங்கட கதையை நீங்கள் தொடங்கலாம்.

இளையோருக்கு ஒன்று. விளையாடுங்கோ, ஆனால் ஆர் எழுதினது என்று பாருங்கோ. முடிவில் பெயர்கள் ஓடும்போது தாண்டிப் போகாதேங்கோ. அந்தப் பட்டியலில் ஒரு நாளைக்கு எங்கட பெயர் ஒன்றும் ஓடவேணும். முதல் ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு நான் இங்கே நிற்பேன். கொப்பியும் பேனையும் கொண்டு வாருங்கோ, கூடவே அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கோ.